கீபோர்டா, மைக்கா? படத்துக்கு ஒலி சேர்க்கச் சொல்லிக்கொடுப்பதை எங்கிருந்து தொடங்குவது

"அண்ணாச்சி, கீபோர்டு வாங்கவா, மைக் வாங்கவா?"

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பாடம் எடுக்கும் நண்பர் போனில் கேட்டது இது. துறைக்கு 50,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் 18 பேர். வாரத்துக்கு 3 மணி நேரம், ஒரு செமஸ்டர். அது முடியும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு சின்னப் படத்துக்குப் பின்னணி இசையும் எஃபெக்ட்ஸும் சொந்தமாகச் செய்து காட்ட வேண்டும். 18 பேரில் இரண்டு பேருக்குக் கீபோர்டு தெரியும். ஒரு பையன் அப்பாவோடு கோயில் கொடைக்குத் தவில் வாசிக்கப் போகிறவன். மற்றவர்கள் பாட்டு கேட்பதோடு சரி.

வாங்குவதைப் பற்றிக் கேட்டாலும், முதல் வகுப்பில் பிள்ளைகள் கையில் எதைக் கொடுப்பது என்பதுதான் அவருடைய குழப்பம். இதே வகுப்பை நான் நான்கு விதமாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். நான்கிலும் ஒவ்வொரு மாதிரி சொதப்பியும் இருக்கிறேன். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சினிமாவில் இவை தனித்தனி வேலை. ஆர்.ஆர். என்று நாம் சொல்லும் பின்னணி இசை இசையமைப்பாளர் பாடு. காலடி, கதவு, காற்று, கூட்டம் எல்லாம் சவுண்ட் டிசைனர், ஃபோலி கலைஞர் வசம். படிப்பும் அப்படியே பிரிந்து கிடக்கிறது. தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஆடியோகிராஃபி படிக்கலாம், புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவும் ஒலி வடிவமைப்பும் படிக்கலாம். இசை என்றால் ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரி வேறு வாசல். கல்லூரிக் குறும்படத்தில் இந்தப் பிரிவினைக்கெல்லாம் இடமில்லை. எடிட் செய்தவனே ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து காலடிச் சத்தமும் வைப்பான், வயலினும் வைப்பான். அதனால்தான் எதை முதலில் பழக்குவது என்ற கேள்வி வருகிறது.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கீபோர்டும், லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சின்ன இசைத் துண்டுகள், நிறைந்த ஒரு மென்பொருளும். முதல் வருஷம் நானும் அதைத்தான் செய்தேன். அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் வகுப்பு முடிவதற்குள் எல்லோர் ஹெட்ஃபோனிலும் பாட்டு மாதிரி ஏதோ ஒன்று கேட்கிறது. ஸ்வரம் தெரியாத பையன் கூட அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் போட்டுக் காட்டியிருப்பான். அந்தச் சந்தோஷம் வேறு எந்த வழியிலும் அவ்வளவு சீக்கிரம் வராது.

சிக்கல் செமஸ்டர் கடைசியில் தெரிந்தது. ஐந்து குழுக்கள். திரையிடலில் மூன்று படங்களில் ஒரே ஸ்ட்ரிங்ஸ் லூப். ஒன்று காதல் கதை, ஒன்று விபத்து, ஒன்று பீடி சுற்றும் பாட்டி ஒருவரைப் பற்றிய ஆவணப்படம். மூன்றாவது தடவை அது தொடங்கியதும் பார்த்துக்கொண்டிருந்த முதலாண்டுப் பிள்ளைகள் கூடவே ஹம் செய்தார்கள். எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

லூப் ஒன்றாக இருந்ததைக் கூட விட்டுவிடலாம். ஐந்து படத்திலும் முதல் காட்சி முதல் கடைசிக் காட்சி வரை இசை நிற்கவே இல்லை. பாட்டி பீடி சுற்றும்போது இலை கத்தரிக்கிற சத்தம் அவ்வளவு அழகாகப் பதிவாகியிருந்தது. அது இசைக்கு அடியில் போய்விட்டது. லூப் தானாக நிற்காது, யாராவது நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. இன்னொன்று, ஒரு குழுவுக்கு ஒரு கீபோர்டு என்றால் தெரிந்தவன் வாசிப்பான், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

அடுத்த வருஷம் மைக்குக்கு மாறினேன். இந்த வழியில் முதல் மூன்று வாரம் இசை என்ற பேச்சே கிடையாது. முதல் வகுப்பில் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார வைத்து, காதில் விழுந்ததையெல்லாம் எழுதச் சொல்வேன். ஃபேன், வண்டி, காக்கா என்று மூன்று வரியோடு பேனாவை மூடிவிடுவார்கள். அதே பத்து நிமிஷத்தை ரெக்கார்டரில் எடுத்து ஹெட்ஃபோனில் திருப்பிப் போட்டால் பட்டியல் இருபதைத் தாண்டும். டியூப் லைட்டின் ரீங்காரம், பக்கத்து வகுப்பில் பெஞ்சு இழுபடுவது, யாரோ ஒருத்தியின் வளையல். நம் காது வேண்டாததை ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அப்புறம் ஒரு காட்சியைப் பார்க்கிற விதமே மாறிவிடுகிறது.

அடுத்து ரூம் டோன். எந்த இடத்தில் படம் எடுத்தாலும் எல்லோரும் அசையாமல் நின்று 30 விநாடி அந்த இடத்தின் அமைதியைப் பதிவு செய்ய வேண்டும். அமைதியில் என்ன இருக்கிறது என்று சிரிப்பார்கள். எடிட்டில் ஒரு வசனத்தை வெட்டி எடுத்த இடத்தில் எதுவும் வைக்காமல் விட்டால், ஸ்பீக்கர் செத்துப்போன மாதிரி ஓட்டை விழும். அதே அறையின் அமைதியை எடுத்து அந்த ஓட்டையில் ஒட்டிக் காட்டினால் சிரிப்பு நின்றுவிடும்.

அதற்குப் பிறகுதான் ஃபோலி. யுனிவர்சல் ஸ்டூடியோவில் வேலை பார்த்த ஜாக் ஃபோலியின் பெயர் இது. பேசும் படம் வந்த புதிதில், திரையில் ஓடும் படத்தைப் பார்த்தபடியே நடந்து, உட்கார்ந்து, துணியை உரசிச் சத்தம் சேர்த்தவர். இன்றைக்கும் இந்த வேலையைக் கால், துணி, சாமான் என்று மூன்று வரிசையாகப் பிரித்துத்தான் பதிவு செய்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இதற்கான ஸ்டூடியோ அடுப்படியிலேயே இருக்கிறது. குதிரைக்குக் கொட்டாங்குச்சி. மழைக்கு அப்பளம் பொரிக்கிற சத்தம். எலும்பு முறிய முருங்கைக்காய். தீ எரியப் பரிசுப் பொருள் சுற்றும் கண்ணாடித் தாள். வெளிநாட்டில் பனியில் நடக்கிற சத்தத்துக்குச் சோள மாவுப் பையை அமுக்குவார்கள். நமக்குப் பனி எதற்கு என்று விட்டால், அதே மாவுப் பை தேரிக்காட்டு மணலில் நடப்பதற்கும் ஒத்துவருகிறது.

இதில் பிள்ளைகள் கண்டுபிடிக்கிற முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் பொருளும் சத்தம் தருகிற பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் துப்பாக்கிச் சத்தம், ரேடியோ கோபுரத்தை இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பியை அந்தப் படத்தின் சவுண்ட் டிசைனர் பென் பர்ட் தட்டிப் பதிவு செய்ததிலிருந்து வந்தது. இதைச் சொன்ன வாரம் கல்லூரியில் ஒரு இரும்புச் சாமான் தட்டு வாங்காமல் தப்பவில்லை.

ஒரு மாணவி கிணற்று ராட்டினத்துக்காக விடுதி கேட்டின் கிறீச்சைப் பதிவு செய்தாள். அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டதும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, பெரிய பிராணி ஏதோ தூரத்தில் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. ராட்டினத்துக்கு அது பொருந்தவில்லை. பாட்டி இறந்த வீட்டு முற்றத்தைக் காட்டும் காட்சியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவில் அதை வைத்தாள். வேறு இசை எதுவும் போடவில்லை. அது எஃபெக்டா, இசையா? மார்க் போடும்போது எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று எனக்கே தெரியவில்லை. மைக்கில் தொடங்கினால் பிள்ளைகள் இசைக்குப் பின்வாசல் வழியாக வந்து சேர்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் பட்டது.

சரி, இதன் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நேரம் தின்னும். இரண்டு பேர் தெருவில் நடக்கிற ஒரு நிமிஷக் காட்சிக்கு மூன்று மணி நேரம் ஓடிவிடும். நான்காவது வாரம் காலடி என்றாலே முகம் சுளிப்பார்கள். நம்மூரில் ஃபேனை நிறுத்தினால் வியர்வை, நிறுத்தாவிட்டால் இரைச்சல். போனில் பதிவு செய்தால் இன்னொரு சிக்கல்: பல போன்கள் சத்தத்தைத் தாமாகவே ஏற்றி இறக்கும், சின்னச் சத்தங்களை இரைச்சல் என்று நினைத்து அழிக்கவும் செய்யும். அதற்கென்று ஒரு ரெக்கார்டர் செயலியைப் போட்டு, தானியங்கி வசதிகளை அணைத்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் பரவாயில்லாமல் வரும். பதிவை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் போர்டில் எழுதியே வைத்திருக்கிறேன். இதையெல்லாம் தாண்டினாலும், மெட்டு எப்படி நகரும், இரண்டு ஸ்வரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மைக் சொல்லித்தராது.

மூன்றாவது, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வாத்தியத்தை நேரடியாகப் படத்துக்கு வாசிக்க வைப்பது. 1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' வரும் வரை நம்மூரில் பெரும்பாலும் ஊமைப்படங்கள்தான் ஓடின. கொட்டகையில் ஆட்கள் உட்கார்ந்து வாசித்தார்கள். தென் மாவட்டக் கல்லூரி என்றால் இதை லேசில் ஒதுக்க முடியாது. நண்பரின் வகுப்பில் இருக்கும் தவில்காரப் பையன் மாதிரி ஒருவன் எல்லா வருஷமும் இருப்பான், கேட்டால்தான் சொல்வான்.

தாளம் தெரிந்தவனுக்குப் படத்தின் கணக்கு சட்டென்று பிடிபடும் என்பதை நேரில் பார்த்தேன். ஒரு காட்சியில் 17ஆவது விநாடியில் கண்ணாடி உடைய வேண்டும். நிமிஷத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் அது ஒன்பதாவது ஆவர்த்தனத்தின் மூன்றாம் தட்டில் போய் விழுகிறது. நான்கு தட்டு ஓர் ஆவர்த்தனம் என்று கணக்கு. சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், விழ வேண்டுமென்றால்? மற்றவர்கள் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் காலம் குறைக்கணும் சார்" என்றான் ஒரு மிருதங்கக்காரப் பையன். 113 ஆக்கினோம். 32 தட்டுக்கு 16.99 விநாடி. உடைகிற இடத்துக்கும் தட்டுக்கும் ஒரு ஃபிரேம் கூட வித்தியாசமில்லை. விநாடிக்கு 24 ஃபிரேமில் ஓடும் படத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 ஃபிரேம், 96 என்றால் 15 ஃபிரேம் என்பதையெல்லாம் அதற்கப்புறம் அவனே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான்.

இதன் பலவீனம் பழக்கத்தில் இருக்கிறது. முறையாகப் படித்த பிள்ளைகள் சோகம் என்றால் முகாரி, விடியல் என்றால் பூபாளம் என்று கை தானாகப் போகும். கீர்த்தனையைப் பாதியில் நிறுத்த மனசு வராது. காட்சி 22 விநாடியில் முடிந்துவிடும். வாத்தியம் தெரியாத 15 பேருக்கு வேலை இருக்காது. செமஸ்டர் முழுக்க இதை ஓட்ட முடியாது என்பது என் எண்ணம். கடைசி வாரத்தில் ஒரு நாள், அரங்கத்தில், படத்தை ஓடவிட்டு வாத்தியமும் கொட்டாங்குச்சியுமாகச் சேர்ந்து செய்தால் அந்த ஒரு நாள் பிள்ளைகளுக்கு மறக்காது.

நான்காவது, இணையத்தில் கிடைக்கும் ஒலிகளைக் கோத்து வைப்பது. பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய ஃப்ரீசவுண்ட் என்ற ஒலிச் சேமிப்புத் தளம் இருக்கிறது. பி.பி.சி. தன் சேமிப்பிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட ஒலிகளைக் கல்விக்கும் சொந்த உபயோகத்துக்கும் திறந்து விட்டிருக்கிறது. போட்டிக்கோ விற்பனைக்கோ படம் போகும் என்றால் ஒவ்வொரு ஒலியின் உரிமத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். ஒரே ராத்திரியில் படம் நிறைந்துவிடும், நிறைந்த மாதிரியும் தெரியும். ஆனால் சங்கரன்கோவில் பக்கத்துத் தோட்டத்தில் ஐரோப்பியப் பறவை கூவும். ஆம்புலன்ஸ் வந்தால் அமெரிக்க சைரன். ஊர்க்காரர்கள் பார்த்தால் என்ன தப்பு என்று சொல்லத் தெரியாமல் நெளிவார்கள். இடியோசை, விமானம், வெடி என்று நம்மால் பதிவு செய்ய முடியாததற்கு மட்டும் இந்த வழி. பறவை, பூச்சி, தெரு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் போய் எடுத்துவிட்டு வரட்டும்.

மென்பொருளைப் பற்றி நண்பர் நிறையக் கேட்டார். நான் கொஞ்சமாகத்தான் சொன்னேன். ஆடாசிட்டி இலவசம், எளிது, வெட்டி ஒட்டப் போதும், ஆனால் படத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய முடியாது. நம் வேலைக்கு அது பெரிய குறை. பேண்ட்லேப் பிரௌசரிலேயே ஓடும், இணையம் நின்றால் வகுப்பும் நிற்கும். கராஜ்பேண்டில் வீடியோவை ஏற்றலாம், அதற்கு மேக் கம்ப்யூட்டர் வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி இருக்கிறது. எடிட் செய்த இடத்திலேயே ஒலியையும் பார்க்கலாம். லேபில் இருப்பது பழைய கம்ப்யூட்டர் என்றால் திணறும். ரீப்பர் பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், வீடியோவும் ஏறும், 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம், அப்புறம் கல்விக்கான உரிமம் 60 டாலர். துறையில் அடோபியின் முழுச் சந்தா இருந்தால் ஆடிஷன் ஏற்கெனவே அதில் சேர்ந்திருக்கும், தனியாக எதுவும் தேட வேண்டாம். என்னைக் கேட்டால் நல்ல கம்ப்யூட்டருக்கு ரிசால்வ், பழசுக்கு ரீப்பர்.

எதை எடுத்தாலும் முதல் நாளே சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளப்பது என்ற கணக்கை, 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட வேண்டும். 44.1இல் பதிவானதை 48 என்று நினைத்து ஓடவிட்டால் ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறி, காட்சியும் ஒலியும் பிரிந்து போகும். போனில் எடுத்த வீடியோவின் ஃபிரேம் வேகம் நடுநடுவே மாறிக்கொண்டிருக்கும் என்பதால், வேலை தொடங்கும் முன் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்வதும் நல்லது.

எந்தப் படத்துக்கு ஒலி சேர்க்கச் சொல்வது என்பதில் நான் பிடிவாதக்காரன். அவர்கள் எடுத்த படத்தை முதலில் கொடுக்கக் கூடாது. தாங்களே எடுத்தது என்பதால் ஒரு ஷாட்டையும் குறைக்க மாட்டார்கள். இசையால் அதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். தெரிந்த தமிழ்ப் படத்தின் ஒலியை அணைத்துக் கொடுப்பதும் வீண். மூல இசை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், செய்வதெல்லாம் அதன் நகல். சிங்கீதம் சீனிவாச ராவின் 'பேசும் படம்' (1987) மட்டும் விதிவிலக்கு. அதையும் கேட்பதற்காகத்தான் போடுவேன். வசனமே இல்லாத படத்தில் எல். வைத்தியநாதனின் இசை எப்போது வருகிறது, எப்போது தெருச் சத்தத்துக்கு இடம் விட்டு ஒதுங்குகிறது என்று விநாடி குறித்துக்கொள்ளச் சொல்வேன்.

பயிற்சிக்கு, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளை நடத்தும் அறக்கட்டளையின் அனிமேஷன் படங்கள் தோதானவை. 'பிக் பக் பன்னி' (2008), 'சின்டெல்' (2010) இரண்டுமே பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எடுத்தாளலாம் என்ற உரிமத்தில் இருப்பவை. அனிமேஷனில் படப்பிடிப்பு ஒலி என்று ஒன்று இல்லை. எல்லாச் சத்தத்தையும் புதிதாகச் செய்தாக வேண்டும். முயல் நடந்தால் என்ன சத்தம் வரும் என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள், அந்தச் சண்டைதான் வகுப்பு. நேரடி வாசிப்புக்கு பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் நிலாப் பயணப் படம் (1902) நன்றாக இருக்கும். இணையத்தில் கிடைக்கும் பிரதியில் பிற்காலத்தில் சேர்த்த இசை இருந்தால் அதை அணைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக நண்பருக்குச் சொன்னது இது. முதல் ஆறு வாரம் மைக். ஏழாவது வாரம் கீபோர்டை வெளியே எடுக்கலாம், ஆனால் நிபந்தனையோடு: ஒரு நிமிஷக் காட்சிக்கு மூன்றே மூன்று ஸ்வரம், ஒரே வாத்தியம், இசை குறைந்தது இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். ஆறு வாரம் காலடியும் காற்றும் கேட்டுப் பழகிய காது நிற்க வேண்டிய இடத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். அதன் பிறகு எத்தனை ஸ்வரம் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

அவருடைய 18 பேருக்குத்தான் இந்த வரிசை. இசைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் என்றால் வாத்தியத்தில் தொடங்கி, பத்தாவது வாரம் ஃபோலிக்கு வருவேன். இரண்டு நாள் பயிலரங்கு என்றால் லூப்தான், வெட்கப்படாமல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம், கொட்டாங்குச்சியும் ஒரு போனும் போதும்.

50,000 ரூபாய்க்கான வரிசையும் கேட்டார். முதலில் கையடக்க ரெக்கார்டர் இரண்டு. அடுத்து ஒயர் உள்ள, காதை மூடும் ஹெட்ஃபோன் குழுவுக்கு ஒன்று. புளூடூத் வேண்டவே வேண்டாம். அது ஒலியை 200 மில்லி விநாடி தாமதித்தால் கூட 24 ஃபிரேம் கணக்கில் ஏறக்குறைய ஐந்து ஃபிரேம் தள்ளிப்போய்விடும், பிள்ளைகள் சரியாக வைத்த காலடியைத் தப்பென்று நினைத்து நகர்த்துவார்கள். மூன்றாவது, கம்ப்யூட்டரில் செருகி வாசிக்கிற, 25 கட்டை உள்ள சின்ன மிடி கீபோர்டு ஒன்று. மிச்சமிருந்தால் ரீப்பர் உரிமம் ஒன்றோ இரண்டோ. இவற்றோடு, எதிரொலியை அடக்கி ஸ்டோர் ரூமையே ஒலிப்பதிவு அறையாக்க, அதைச் சுற்றித் தொங்கவிடத் தடித்த கம்பளி எட்டு.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவர் கம்பளியில் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, விஸ்காம் லேபுக்குக் கம்பளின்னு பில் போட்டா ஆபீஸ்ல கேப்பாங்களே?"

அக்கூஸ்டிக் ட்ரீட்மென்ட் என்று எழுதச் சொன்னேன்.